இரண்டரைப் பாகம்

வழி தப்பிப் போகிறவனைப் பார்த்தால் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பசி என்று வந்தவனுக்குத் தன் தட்டில் இருப்பதைத் தள்ளிக் கொடுக்கிற மனுஷன். வழியை மட்டும் சொல்ல மாட்டார்.

ஒருநாள் கண்ணாடி ஷீட் பார்க்க ராயபுரத்திலிருந்து கொருக்குப்பேட்டைக்கு இரண்டு பேரும் ஆட்டோவில் போனோம். டிரைவர் போனைப் பார்த்து ஓட்டுகிற ஆள். போன் காட்டிய சந்தில் சட்டென்று திருப்பினான். அந்தச் சந்து ரயில்வே சுவரில் போய் முட்டும் என்பது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். சுவர் வந்தது. ஆட்டோ நின்றது.

"இன்னா நைனா, செவுத்துக்குள்ள பூந்து போவச் சொல்லுதா உன் போனு?"

"தெரிஞ்சா முன்னாடியே சொல்லக் கூடாதா பெர்சு?"

"என்னியா கேட்ட? அதாண்ட தானே கேட்ட. எறங்கி வந்து தள்ளுமான்னு அதாண்டயே கேளு."

திருப்ப இடம் இல்லை. மூன்று பேரும் இறங்கி வண்டியைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு வந்தோம். ரொம்ப உற்சாகமாகத் தள்ளியது அவர்தான்.

காத்திவாக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இரண்டு உள்ளங்கையிலும் கயிறு அறுத்த தடம் வெள்ளையாக ஓடும். எதையும் பாகத்தில்தான் சொல்வார். ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். கடலில் ஆழத்துக்கு அதுதான் கணக்கு. "இந்த பிரேமு அரை பாகம், அதுல நாலு விரக்கட கம்மி" என்பார். நான் டேப் பிடித்துப் பார்ப்பேன். ஒரு நூல் பிசகாது.

எனக்கு ராயபுரத்தில் போட்டோ பிரேம் கடை. எட்டாவது வரை படித்தேன், பிறகு வாப்பாவோடு கண்ணாடி அறுக்க உட்கார்ந்துவிட்டேன். கஅபா படம் வந்தால் ஒளூ செய்து, கை கால் முகம் கழுவிவிட்டுத்தான் தொடுவேன். முருகன் படமோ மாதா படமோ, யாருடையதாக இருந்தாலும் தரையில் வைக்க மாட்டேன். நம்மை நம்பி ஒருத்தர் விட்டுப் போன பொருள் அமானிதம். அதற்கு மறுமையில் பதில் சொல்ல வேண்டும்.

அவர் முதலில் வந்தது மனைவியின் போட்டோவுக்குக் கண்ணாடி போட. "மாலை போட மேலே கொக்கி வைக்கட்டுமா அண்ணே?" என்று கேட்டேன்.

"வையி பாய். ஆனா மூஞ்சி செவுத்தப் பாத்தாப்புல தான் மாட்டப் போறேன்."

நான் கொக்கியை அடித்தேன். துக்கத்தில் இருப்பவர் என்னென்னவோ பேசுவார்.

போட்டோவை வாங்கிக்கொண்டு போனவர் மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். கடை பெஞ்சில் ஓர் ஓரம் அவருக்கென்று ஆகிவிட்டது. டீ வாங்கி வருவார், ஹார்ட்போர்டு பிடிப்பார், ஆணி எடுத்துக் கொடுப்பார். பேச்சுத் துணைக்கு வருகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்தது, முதல் நாள் என் கடையில் பார்த்துவிட்ட இன்னொருத்தருக்காக.

அந்த இன்னொருத்தரை சர்வேயர் சார் என்போம். கடல் ஆழம் அளந்து படம் போட்டுக் கொடுக்கிற தனியார் கம்பெனியில் பெரிய வேலை பார்த்து ரிட்டயர்டு ஆனவர். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் நம் பக்கத்துக்குப் போட்ட தேசப்படங்களைத் தேடித் தேடி வாங்குவார். எல்லாம் என்னிடம்தான் பிரேமுக்கு வரும். நல்ல மனுஷன் போலத்தான் பேசுவார். படத்தை மேஜையில் விரித்து அதில் இருக்கிற தப்பை எல்லாம் எனக்குக் காட்டுவார். அதில் அவருக்கு அத்தனை ருசி.

"இதப் பாருங்க பாய், இலங்கையை எவ்வளவு பெரிசா போட்டிருக்கான்! இந்தியாவுக்குக் கீழே நீட்டிக்கிட்டு இருக்கிற பகுதியே இல்ல, மழுங்கலா விட்டுட்டான். இது இன்னொண்ணு, இந்துமாக் கடலைச் சுத்திக் கரை போட்டுக் குளமாக்கிட்டான். கொரியாவைத் தீவுன்னு போட்டிருக்கான்." பிறகு அவருக்குப் பிடித்த படம். வங்காளத்துக்கு வடக்கே பெரிய ஏரி ஒன்று. அதிலிருந்து நாலைந்து ஆறுகள் தெற்கே இறங்கி ஓடும். "இப்படி ஒரு ஏரியே கிடையாது பாய். எவனோ ஒருத்தன் கேள்விப்பட்டதை வெச்சுப் போட்டான். அடுத்தவன் அதைப் பாத்துப் போட்டான். நூறு வருஷத்துக்கு மேல அந்த ஏரி படத்துலயே இருந்துச்சு. ஒருத்தனும் போய்ப் பாக்கல."

சர்வேயர் கார் தெருமுனையில் தெரிந்ததும் நம்ம ஆள் எழுந்து பிளைவுட் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். கார் போனதும் வெளியே வந்து படத்துக்கு முன்னால் நிற்பார்.

"அந்த ஏரி கதைய இன்னொரு வாட்டி சொல்லு பாய்."

சொல்வேன். எத்தனை முறை சொன்னாலும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்பார். முடிந்ததும் படம் போட்ட வெள்ளைக்காரனை, செத்து மண்ணாய்ப் போனவனை, திட்ட ஆரம்பிப்பார். "கசுமாலம்! பேமானி! நம்ம ஆளு ஒருத்தன் கரையில நின்னு கத்திகினு இருந்திருப்பான் பாய், 'டேய், இங்க நெலம் கீதுடா, நான் நின்னுகினு கீறேன்டா'ன்னு. கப்பல்ல கீறவன் பேப்பரப் பாத்துட்டு, 'இல்லியே, இங்க தண்ணின்னு தானே போட்டுகீது'ன்னு போயிருப்பான்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அப்போது கடையில் இடம் போதவில்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குடோன் வாடகைக்கு வந்தது. மனை வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். மேடான இடம், பக்கத்தில் குளம் குட்டை எதுவும் இல்லை. அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மண்ணை அழுத்திப் பார்த்தார். வேலியோரம் முளைத்திருந்த கோரையைப் பிடுங்கி வேரை முகர்ந்தார். "பேப்பருலாம் கரீட்டா கீதுன்றியே, அட்வான்ஸப் போடு" என்றார்.

அந்த ஐப்பசியில் குடோனுக்குள் இடுப்பளவு தண்ணீர். நாற்பதுக்கு மேல் பிரேம் ஊறிப் போயிற்று. பிரேம் போனால் போகட்டும். அதில் ஓர் அம்மா கொடுத்துவிட்டுப் போன மகனின் போட்டோ இருந்தது. செத்துப்போன பையன். வேறு படம் கிடையாது. முகம் கரைந்து வெள்ளைத் திட்டாகிவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது குட்டைய தூத்த எடம் பாய்" என்றார் மெதுவாக.

"தெரியுமா உங்களுக்கு? அன்னைக்கே தெரியுமா?"

"கால வெச்சதுமே தெரியும்."

"சொல்லக் கூடாதா? நீங்க மனுஷனா?" நான் யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை. "எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அந்தம்மாவுக்கு நான் பதில் சொல்வேன்?"

அவர் உள்ளே வந்தார். ஊறின படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கயிறு கட்டிக் காயப் போட்டார். ஒரு வாரம் என்னோடு அதே வேலை. ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, நான் கேட்காமலே சொன்னார்.

சர்வே படகில் குண்டு போடுகிற வேலை பார்த்தவர் அவர். கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டித் தண்ணீரில் விட வேண்டும். குண்டின் அடியில் குழி இருக்கும், அதில் கொழுப்புத் தடவியிருக்கும். தரை தட்டினால் மண் ஒட்டிக்கொண்டு வரும். கயிற்றில் பாகக் கணக்குக்குத் துணி கட்டியிருக்கும். கைக்குத் தட்டின ஆழத்தைச் சத்தமாகக் கூவ வேண்டும், படகில் உட்கார்ந்திருக்கிறவர் பென்சிலால் எழுதிக்கொள்வார். எண்ணூர்க் கழிமுகத்துக்கு வெளியே ஒரு மண்மேடு. அங்கே குண்டு போட்டார். "ரெண்டரை!" என்று கூவினார்.

உட்கார்ந்திருந்தவர் நம்ம சர்வேயர். பழைய வெள்ளைக்காரன் காலத்துப் படத்தில் அந்த இடத்தில் ஐந்து என்று இருந்ததாம். "திரும்பப் போடு" என்றார். போட்டார். "ரெண்டரை!" மூன்றாம் முறையும் ரெண்டரை. "காலையிலேயே குடிச்சிட்டியா?" என்று கேட்டாராம். "நான் பீடிகூடக் குடிக்க மாட்டேன் பாய்" என்றார் இவர்.

புதுப் படம் அச்சாகி வந்தது. மண்மேட்டின் மேல் ஐந்து. அதை நம்பி சரக்கேற்றின பெரிய தட்டைப் படகு, பார்ஜ் ஒன்று அந்த வழியாக வந்து மேட்டில் ஏறிச் சாய்ந்தது. அதில் வேலை செய்த இவர் மனைவியின் தம்பி, சரக்குக்கு அடியில் போய்விட்டான். விசாரணை வைத்தார்கள். பென்சில் தாளெல்லாம் தொலைந்துவிட்டது என்றார்கள். குண்டு போட்டவன் குடிபோதையில் தப்பாகக் கூவினான் என்று எழுதி, சர்வேயர் கையெழுத்துப் போட்டார்.

"வேல போச்சு. மயிரே போச்சுன்னு வுட்டேன். ஊட்டுக்குப் போனா என் பொண்டாட்டி சொல்றா, 'எந்த வாயால அஞ்சுன்னு கத்தி எந்தம்பிய கொன்னியோ, அந்த வாயால என்னக் கூப்புடாத'ன்னு. அதான் பாய் அவ என்னாண்ட பேசின கடசி பேச்சு. பதினோரு வருசம் ஒரே கூரைக்கு அடியில. சோறு வெப்பா, திரும்பி நின்னுக்குவா. செத்த அன்னிக்கிதான் மூஞ்சியப் பாத்தேன்."

கயிற்றில் தொங்கின படங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மூணு வாட்டி சொன்னேன். என் பங்கு தீந்துபோச்சு. இனிமே எவனுக்கும் சொல்ல மாட்டேன். போய் முட்டட்டும்."

மறுநாள் பாலித்தீன் பையில் ஒரு தாளை மடிக்காமல் கொண்டுவந்து நீட்டினார். ஆபீசில் தூக்கிப்போடுகிற தாளையெல்லாம் அந்தக் காலத்தில் கருவாடு மடிக்க வீட்டுக்கு எடுத்துப் போவாராம். மனைவி இறந்த பிறகு அவள் தகரப் பெட்டியைக் காலி செய்தபோது, சேலைக்கெல்லாம் அடியில், துருப் பிடிக்காமல் இருக்க விரித்திருந்தது இந்தத் தாள். அவருக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். அவளுக்கு இரண்டும் தெரியாது. பதினோரு வருஷம் அதன் மேலேயே துணி அடுக்கி வைத்திருக்கிறாள்.

என் மருமகள் படித்த பெண். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பென்சிலில் வரிசை வரிசையாக எண்கள். ஒரே ஓர் இடத்தில் இரண்டரை என்று எழுதி, அதைக் கோடு போட்டு அடித்து, மேலே ஐந்து. பக்கத்தில் இங்கிலீஷில், "பழைய படத்தின்படி". அடித்து எழுதினால் சின்னக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவர்கள் வேலையில் சட்டமாம். போட்டிருந்தார். எனக்கு அந்தக் கையெழுத்து நன்றாகத் தெரியும். என் கடை ரசீதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

"வக்கீலைப் பாப்போம் அண்ணே" என்றேன்.

"வக்கீலாண்ட போனா வக்கீலு பேசுவான். எனக்கு அது வாணாம். ரெண்டரைன்னு அவன் வாயால படிக்கணும். நாலு பேரு கேக்கணும். அதுக்குத்தான் பாய் உன் கடையில இத்தினி நாளா குந்திகினு கீறேன்."

அந்தச் சமயத்தில்தான் சர்வேயர் தன்னுடைய பன்னிரண்டு படங்களையும் ஒரு மண்டபத்தில் கண்காட்சியாக வைக்க ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒட்ட விளக்கம் எழுதிக் கொடுத்தார். ஏரிப் படத்துக்கு அவர் எழுதியது எனக்கு மனப்பாடம்: 'இதில் காட்டியிருப்பது உண்மை அல்ல. நேரில் கண்டவரின் சொல்லைக் கேட்காமல், முன்னவர் எழுதியதைப் பார்த்துப் பின்னவர் எழுதியதால் வந்த பிழை.'

நம்ம ஆள் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு சொன்னார்: "பதிமூணாவதா ஒண்ணு போடு பாய். அதே பீடிங், அதே கண்ணாடி. அடியில அவன் எழுதின இதே எழுத்து."

இரண்டு நாள் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒருத்தர் ஒப்படைத்த பொருளில் ஒன்றைக் குறைக்கக் கூடாது என்று தெரியும். ஒன்றைக் கூட்டினால் என்ன சட்டம்? பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்து பீடிங் கட்டை அறுத்தேன். என் கையால் நான் செய்த பிரேம்களில் அதைப் போல மூலை சேர்ந்தது வேறு இல்லை.

கண்காட்சி அன்று காலையில் நானே போய் மாட்டினேன். பதிமூன்றாவது கடைசியில். அவர் முகம் மழித்து, வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். கடைசிப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு தூணோரம் நின்றுகொண்டார்.

சர்வேயர் இருபது பேர் பின்னால் வர, ஒவ்வொரு படமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். இலங்கை. குளமான கடல். ஏரி. எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு வேகத்தில் கடைசிப் படத்துக்கு வந்தவர் கீழே இருந்ததை உரக்கப் படித்தார். "நேரில் கண்டவரின் சொல்லைக் கேட்காமல்..." கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "இது... நம்ம எண்ணூர் பக்கம். சர்வே தாள். இங்க பாருங்க, ரெண்டரைன்னு எழுதி, அதை அடிச்சு..."

நின்றுவிட்டார்.

"அடிச்சு? அடிச்சு என்ன சார் எழுதியிருக்கு?" என்று ஓர் அம்மா கேட்டார். "பக்கத்துல யார் கையெழுத்து அது?"

சர்வேயர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்தார். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். என்னைப் பார்த்து, "பாய், இது யார் கொடுத்தது?" என்றார். நான் தூணோரம் பார்த்தேன். சர்வேயரும் பார்த்தார். மூன்றடி தூரம்கூட இல்லை. நேருக்கு நேர் முகத்தைப் பார்த்தவர், அடையாளம் தெரியாமல், "நீங்க யாரு பெரியவரே?" என்று கேட்டார்.

"படம் பாக்க வந்தவன் சார்" என்று சொல்லிவிட்டு இவர் வெளியே நடந்தார்.

பஸ்ஸில் வண்ணாரப்பேட்டை தாண்டினோம். பிறகு என் கையைப் பிடித்தார். அந்தக் கயிற்றுத் தடம் என் கையில் அழுந்தியது. "கேட்டியா பாய்? ரெண்டரைன்னுட்டான். அவன் வாயால." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் பேர மட்டும் அவனாண்ட சொல்லாத. யாருன்னு தெரியாமயே தேடட்டும். உன் அல்லா மேல சத்தியம் பண்ணு" என்றார்.

செய்தேன். இரண்டு வருஷம் கழித்து அவர் போய்ச் சேர்ந்தார். காத்திவாக்கத்துக்குப் போய் நானும் மண் போட்டுவிட்டு வந்தேன். இதோ, இங்கேயும் அவர் பேரை எழுதவில்லை.

கண்காட்சிக்குப் பிறகு சர்வேயர் முதலில் வந்தது கோபமாக. போலீசுக்குப் போவேன் என்றார், போகவில்லை. அடுத்த முறை வந்தபோது கோபம் இல்லை. இப்போது தடி ஊன்றி வருகிறார். படம் எதுவும் கொண்டுவருவதில்லை. அந்தப் பெஞ்சில்தான் உட்காருகிறார்.

போன வெள்ளிக்கிழமை சொன்னார்: "எனக்கு நாள் அதிகம் இல்ல பாய். அந்த ஆள்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். இல்லன்னா அவர் குடும்பத்துக்கிட்டயாவது. குண்டுக்காரன், குண்டுக்காரன்னுதான் கூப்பிடுவோம். பேரு ஞாபகம் இல்ல. பேரை மட்டும் சொல்லுங்க."

மனுஷனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனுஷனோ அவன் வாரிசோ மன்னிக்காமல் அல்லாஹ்வும் மன்னிக்க மாட்டான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். ஒரு கிழவனுக்கு அந்த வாசலை நான் அடைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று எனக்குத் தெரிகிறது. சத்தியம் ஒரு பக்கம். சத்தியம் இல்லாவிட்டால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன்.

"அந்தப் பேரு விசாரணை பேப்பர்ல இருக்கு சார்" என்றேன். "குடிச்சிட்டுக் கூவினான்னு எழுதி, நீங்க கையெழுத்துப் போட்டீங்களே, அதுல. படிச்சுப் பாத்துத்தானே போட்டிருப்பீங்க?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தடியை ஊன்றி எழுந்து, படியில் காலால் துழாவி இறங்கிப் போனார். கைகொடுக்க நான் எழுந்திருக்கவில்லை.

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். போய்த் தொழுதேன். கையேந்தி மகனுக்குக் கேட்டேன், மருமகளுக்குக் கேட்டேன், மகன் போட்டோவைப் பறிகொடுத்த அந்த அம்மாவுக்குக் கேட்டேன். சர்வேயருக்குக் கேட்க வாய் வரவில்லை. அல்லாஹ் என் மனசை அறிகிறவன். அதை என் கணக்கில் என்னவென்று எழுதிக்கொள்கிறானோ, எழுதிக்கொள்ளட்டும்.